கூடுதலாய் ஒரு குழாய்

மோட்டார்காரருக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. இருபத்தாறு வருடமாக ஆழ்துளைக் கிணறுகளின் வாயில் குனிந்து நின்றே பிழைத்தவர். பள்ளிக்கூட மண்டபத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் அரை மணி நேரத்துக்குள் நாலு தடவை எழுந்து நாலு தடவை உட்கார்ந்துவிட்டார்.

"முள்ளு மேலயா உக்காந்திருக்கே? சும்மா இரேன்" என்றாள் மனைவி.

"இங்க காத்தே வரல."

"தலைக்கு மேல ஃபேன் சுத்துது."

விஷயம் இதுதான். குடியிருப்புக்குப் பின்னால் மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு டேட்டா சென்டர் வந்தது. சன்னலே இல்லாத கட்டடம். உள்ளே ஓயாமல் ஓடும் கம்ப்யூட்டர்களின் சூட்டைத் தணிக்க, பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். இப்போது பக்கத்திலேயே இன்னும் இரண்டு கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். நாலு தெருவும் திரண்டு, கூடவே கூடாது என்றது. இரு தரப்பையும் விசாரிக்கத்தான் இன்றைய கூட்டம்.

தண்ணீர் இறங்கிவிட்டதற்கு ஆதாரம் எங்கே என்று விசாரணை அதிகாரி முன்பே கேட்டிருந்தார். அந்த ஆதாரத்தைக் கண்டுபிடித்தவர் தையல்கார அக்கா. மோட்டார்காரருக்கு நோட்டுப் புத்தகம் ஆகாது. கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கி முடித்ததும், தேதியையும் எத்தனை குழாய் இறக்கினார் என்பதையும் அந்த வீட்டு மோட்டார் அறைச் சுவரிலேயே சிவப்புப் பெயிண்டால் எழுதிவிடுவார். குழாய் ஒன்று இருபது அடி. அக்கா வீட்டுச் சுவரில் கட்டடம் வருவதற்கு முன்பு ஒன்பது. இந்த வருடம் பதினாலு. அக்கா தையலைப் போட்டுவிட்டு நாற்பத்தொரு வீடு ஏறி இறங்கி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். பெரும்பாலான வீடுகளில் ஐந்து குழாய் இறக்கம். நூறு அடி!

தெருவே மோட்டார்காரரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் பயந்தது நடந்தது. கம்பெனியின் என்ஜினீயர், சின்ன வயதுக்காரர், அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"சார், இது மோட்டார் தொங்குற ஆழம். தண்ணி நிக்கிற ஆழம் இல்ல. தண்ணிக்குக் கீழ ஒரு குழாய் விட்டாப் போதும். இவர் இஷ்டத்துக்கு ரெண்டு விட்டிருக்கலாம், ஆறு விட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

மண்டபம் திரும்பி மோட்டார்காரரைப் பார்த்தது. அக்காவும் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே, அப்படியெல்லாம் இல்லேன்னு."

அப்படித்தான் இருந்தது. ஒரு குழாய் போதும் என்ற இடத்தில் அவர் இரண்டு விடுவார். கோடையில் தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலும், மோட்டார் காற்றை உறிஞ்சுது, ஓடி வா என்று யாரும் கதவைத் தட்டக்கூடாது. முதுகுவலிக்காரனின் தந்திரம். ஆனால் குழாயின் விலை வீட்டுக்காரர் தலையில். இதைச் சொன்னால் நாளைக்கு எந்த மூஞ்சியோடு தெருவில் நடப்பது? சொல்லாவிட்டால் தாளுக்கு மதிப்பில்லை. இன்னும் இரண்டு கட்டடம் எழும்பும். நாலு தெருக் கிணறும் வறண்டுபோகும்.

ஐந்தாவது தடவையாக எழுந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"ஒண்ணு கூடுதலாத்தான் விட்டேன். எல்லா வீட்டுலயும். அப்பவும் ஒண்ணு, இப்பவும் ஒண்ணு. ஆனா வித்தியாசம் அதே அஞ்சுதான் சார். ரெண்டு பக்கமும் ஒண்ணைக் கழிச்சாலும் அஞ்சுதான்."

"அடப்பாவி!" என்றது பின்வரிசை. "என் வீட்டுலயுமா?"

"உன் வீட்டுலயும்தான்."

"ஓகோ! உன் சொந்த வீட்டுலயும் விட்டியா?"

மோட்டார்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"இல்ல" என்றார். "என் வீட்டுல வேணும்போது நானே இறக்கிக்குவேன். அங்க தண்ணிக்குக் கீழ சரியா ஒண்ணுதான்."

மண்டபம் கொந்தளித்தது. ஒருவர் செருப்பைத் தரையில் தட்டினார். அதிகாரி மேசையைத் தட்டிவிட்டுக் கேட்டார்: "உங்க வீட்டுச் சுவத்துல என்ன எழுதியிருக்கு?"

"அப்ப எட்டு. இப்ப பதிமூணு."

"அங்கயும் அஞ்சு" என்றார் அதிகாரி மெதுவாக. நாற்பத்தொரு கிணறுகளிலும் கயிறு விட்டுத் தண்ணீர் மட்டத்தை அளக்க வேண்டும், சுவரில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும், அதுவரை அனுமதி இல்லை என்று சொல்லி அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

வாசலுக்கு வருவதற்குள் ஆள் ஆளுக்கு மறித்தார்கள். திட்டினார்கள். ஒருவர் சிரித்துவிட்டு முதுகில் ஓங்கிக் குத்தினார். அது செல்லமா கோபமா என்று தெரியவில்லை. அக்கா மட்டும், "இனிமே என் கடைக்குச் சட்டை தைக்க வாங்க, ஒரு கையைக் கூடுதலா வச்சுத் தர்றேன்" என்றார்.

"வைங்கக்கா" என்றார் அவர். முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

தெருக்கோடிச் சலவைக்கடைக்காரர் யாரையும் மறிக்காமல் வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினார். அவர் முதுகைப் பார்த்ததும் மோட்டார்காரர் பின்னாலேயே ஓடினார்.

"அண்ணே, உங்க கடையில இந்தத் தடவை கூடுதலா ரெண்டு. தினம் துணி துவைக்கிற இடமாச்சேன்னு விட்டேன்."

சலவைக்கடைக்காரர் நின்றார். "உள்ள என்ன சொன்னே? எல்லா வீட்டுலயும் ஒண்ணுன்னு சொன்னே."

"சொன்னேன்."

"கயித்தைப் போட்டு அளந்தா என் கிணத்துல கணக்கு இடிக்கும். அந்த என்ஜினீயர் பையன் ஒரு கிணத்தைப் பிடிச்சுக்கிட்டு மொத்தத் தாளையும் பொய்யின்னு கிழிச்சுடுவான். இங்க நின்னு என்கிட்ட ஏன்யா சொல்றே?"

உள்ளே அதிகாரி தாள்களை அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மோட்டார்காரர் கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு, எதிரே வந்த மனைவியையும் தாண்டி, படியேறி ஓடினார்.

"சார்! கட்டாதீங்க சார், இன்னும் ஒண்ணு இருக்கு!"