கனடாவிலிருந்து வந்த துடக்கு

ஆறு பத்து முல்லைத்தீவு பஸ் ஆறு பன்னிரண்டாகியும் அசையாமல் நின்றால் செல்வநாயகத்தாருக்குத் தேத்தண்ணி இறங்காது. கோப்பையைக் கடை வாங்கில் வைத்துவிட்டுப் போய், பஸ்ஸின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவார். "என்ன, மாப்பிள்ளை ஏறட்டும் எண்டோ பாத்துக்கொண்டு நிக்கிறியள்? எடுங்கோ தம்பி." சாரதியும் பழக்கதோஷத்தில் எடுத்துவிடுவார். மனுசனை வேலையால் நிறுத்தியது கிளிநொச்சி பஸ் நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். பஸ்களுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.

தலை கறுப்பாயிருந்த காலத்திலிருந்து தனியார் பஸ் சங்கமொன்றின் நேரக்காப்பாளர் அவர். செய்த குற்றம், பஸ்ஸை நேரத்துக்கு அனுப்பியது. அன்றைக்குச் சங்கத் தலைவர் ஒரு காலை மிதிபலகையிலும் மறு காலை நிலத்திலும் வைத்துக்கொண்டு கைபேசியில் ஊர்க்கதை அளந்துகொண்டிருந்தார். நேரம் வந்தது, இவர் தட்டினார், பஸ் போனது, தலைவர் விழுந்தார். அவருடைய ஒற்றைச் செருப்பு மட்டும் உடையார்கட்டு வரை போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தது. ஒழுக்காற்றுக் குழு இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் தவணை கொடுத்தது.

மனு அன்றைக்கே எழுதியாயிற்று. ஆனால் நல்ல காரியம் எதுவென்றாலும் முதலில் முறிகண்டிப் பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுக்கவேண்டும் என்பது இவருடைய சட்டம். கெட்டகாலத்தைப் பாருங்கள், அன்றிரவே கனடாவில் பெரியப்பாவின் மகன் செத்துப்போனார். வேலிச் சண்டையில் முறுகி, இருபது வருடமாக முகம் பாராத பங்காளி. பங்காளி செத்தால் முப்பத்தோராம் நாள் கழியும்வரை துடக்கு. துடக்கோடு கோயில் வாசல் மிதிக்கலாமா?

"கதை பேச்சில்லாத மனுசனுக்கு நீங்கள் ஏன் துடக்குக் காக்கிறியள்? தவணையெல்லோ முடியப்போகுது" என்றா மனைவி விமலேஸ்வரி.

"கதை நிண்டது எண்டு சொந்தமும் நிக்குமே?"

அவாவின் பயம் அவாவுக்கு. வேலை போன நாளிலிருந்து மனுசன் குசினி வாசலில் கதிரை போட்டு, சோறு வடிக்க எத்தனை நிமிடம் பிந்தியது என்று சொல்லத் தொடங்கியிருந்தார். இப்படியே விட்டால் இரண்டு பேரில் ஒருவருக்குப் பைத்தியம் பிடிப்பது நிச்சயம்.

துடக்குக் கழிந்த மறுநாள் விடியவே முறிகண்டிக்குப் போய், திருநீறு அப்பிய மனுவோடு சங்க அலுவலகத்தில் நின்றார். செயலாளர் பிரசாந்தன் மனுவைப் பார்த்தார், கலண்டரைப் பார்த்தார். தவணை நேற்றோடு முடிந்துவிட்டது.

"அண்ணை, கனடாவில இப்பவும் நேற்றுத்தான். கனடாச் சாவுதானே, கனடாக் கணக்கில நேற்றையத் திகதியைப் போட்டுவிடுறன். வேலை திரும்பிக் கிடைக்கும். ஒருத்தரும் கேக்காயினம்."

செல்வநாயகத்தாரின் முகம் மலர்ந்தது. ஆசைதான், ஆருக்குத்தான் இருக்காது? ஆனாலும் தலையை ஆட்டி மறுத்தார்.

"பிந்தினது பிந்தினதுதான் தம்பி. இவ்வளவு காலமும் சாரதிமாருக்குக் கனடா நேரமோ பாத்தனான்? குத்துங்கோ."

'காலதாமதத்தால் நிராகரிக்கப்பட்டது' என்று அந்தச் சங்கத்தில் தனியாகவே ஒரு முத்திரை உண்டு. பிரசாந்தன் அதை எடுத்து மையில் ஒற்றினார். கை அந்தரத்தில் நின்றது. செல்வநாயகத்தார் மனுவை மேசையில் நேராக்கி, முத்திரை கோணாமல் விழட்டும் என்று, அதன் இரண்டு ஓரங்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.