இரண்டு இன்புட், ஒரு நாற்காலி

பெபிஷாவைப் பாராட்டி நாலு வரி எழுது என்றால் எனக்கு விரல் மடங்காது. ஆனால் எங்கள் கடற்கரையில் அவளைப் பற்றி என் அளவுக்கு விவரம் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை. பிரியமுள்ளவன் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவான். வயிறு எரிகிறவன்தான் நின்று பார்ப்பான்.

பத்தாம் வகுப்புவரை நாங்கள் ஒரே வகுப்பு. அவள் தேறி, மேலே படித்து, இப்போது நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். நானும் பள்ளிக்கூடமும் பத்தாம் வகுப்போடு சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டோம். ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறேன். அவள் அப்பா ராஜமணி மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறார். அம்மா குளோரி வடசேரிச் சந்தையில் மீன் விற்கிறாள். காலையில் வள்ளம் கரையேறியதும் பெபிஷா அம்மாவோடு போய் மீனைத் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, வண்டி ஏற்றிவிட்டு, குளித்து, வெள்ளைச் சீருடையில் பஸ் பிடிப்பாள். அந்த ஐஸ் நான் உடைத்தது. அதற்கு ஒரு நன்றி கிடையாது. "கட்டி பெருசா கெடக்கு. இன்னும் பொடியா உடைலே" என்பாள்.

அதைக்கூட மன்னித்திருப்பேன். எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் என்னுடைய இடம். நாலு தடித்த கம்பி, பாட்டுக்கு அடியில் கிடந்து உறுமுகிற சத்தம். பங்குக் கோயிலுக்குச் சொந்தமான பழைய கிட்டார் அது. வார் அறுந்து நான்தான் நைலான் கயிறு கட்டியிருந்தேன். பெபிஷா கீபோர்டில் இடது கையால் அதே உறுமலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டு என்று நினைத்தேன். 2013-இல் ராஜமணி லீவுக்கு வருமுன் போனில், "மக்ளுக்கு என்ன வேணும், செயினா வளையலா?" என்று கேட்டார். இவள் பேஸ் கிட்டார் என்றாள்.

குளோரி சாமியாடினாள். "ஏட்டி, கல்யாண வீட்டுக்குக் கழுத்துல இந்தத் தடியை மாட்டிட்டாட்டி போவ?"

"மாட்டிட்டுப் போனா அங்க பாட்டாவது நல்லா இருக்கும்மா."

வந்து இறங்கிய கிட்டார் நீல நிறம். அதுகூடப் பரவாயில்லை, உள்ளே பேட்டரி! என்னுடையதில் மரமும் கம்பியும் தவிர ஒன்றும் கிடையாது. அவளுடைய கிட்டார் பைக்குள் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வைத்தேன். அடுத்த ஞாயிறு ஊர்ப் பூனையெல்லாம் பாடகர் குழுவில் சேர்ந்தன. பெபிஷா என்னிடம் வந்து, "கருவாடு நல்ல கருவாடு. வறுத்துத் தின்னோம். கொஞ்சம் கூட வச்சிருக்கலாம்" என்றாள். இப்படிப்பட்டவளை என்ன செய்ய முடியும்?

அந்த வருடத் திருவிழாவுக்கு வளைகுடாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் சேர்ந்து கோயிலுக்கு ஒரு புது பேஸ் ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, வாங்கிக் கொடுத்தார்கள். முன்பக்கம் வயர் செருக இரண்டு இன்புட். ஒன்றில் பாஸிவ் என்று எழுதியிருந்தது, மற்றதில் ஆக்டிவ். இந்த இரண்டு வார்த்தைகளும் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சையில் என்னை வீட்டுக்கு அனுப்பியவை. இருந்தாலும் ஆக்டிவ் என்றால் சுறுசுறுப்பு, பாஸிவ் என்றால் சும்மா கிடப்பது என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். ஊரிலும் அப்படித்தான் பேச்சு. ஆக்டிவ் நல்ல இன்புட்; பாஸிவ் கதியில்லாதவனுக்கு.

பத்து நாள் திருவிழாவின் கடைசி நாள் பத்தாம் திருவிழா; அன்றைய திருப்பலிக்கு ஆயர், அதாவது பிஷப், வருகிறார். பீடத்துக்குப் பக்கத்தில் பேஸுக்கு ஒரே நாற்காலி. சனிக்கிழமை சாயங்காலம் காணிக்கைப் பாட்டை இருவரும் குழுவோடு வாசிக்க வேண்டும், யார் வாசிப்பது நன்றாக இருக்கிறதோ அவர் உட்காரலாம் என்று குழுவை நடத்தும் ஞானதாசன் மாஸ்டர் சொல்லிவிட்டார். எனக்கு அந்த நாற்காலி வேண்டும். காரணம், குழுவின் முதல் வரிசையில் நின்று பாடும் தங்கபாய் என்னைப் பெற்றவள். ஐஸ் உடைக்கிற மகனைப் பற்றி அவள் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது ஒன்றே ஒன்றுதான்: "எனக்க மோனாக்கும் கோயில்ல பேஸ் வாசிக்கியான்."

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் என் வயரை ஆக்டிவில் செருகிவிட்டேன்.

வாசித்தேன். சத்தமே வரவில்லை. ஆம்பின் திருகையெல்லாம் கடைசிவரை முறுக்கினேன். அப்போது சத்தம் வந்தது, ஆனால் அது கிட்டார் சத்தம் இல்லை. 'உஸ்ஸ்' என்று ஒரு இரைச்சல், அதற்குப் பின்னால் எங்கேயோ என் பேஸ்.

"ஏலே பெனின், பெட்டிக்குள்ள கொசு ஏதும் போயிருக்கா?" என்றார் மாஸ்டர்.

மிச்சமிருந்த பாஸிவில் பெபிஷா செருகினாள். ஒரு தட்டு. கூரையில் இருந்த புறாக்கள் வெளியே போயின. சத்தம் பெரிதுதான், ஆனால் உடைந்த சத்தம். வள்ளத்தைப் பாறையில் இழுத்தமாதிரி கரகரவென்று.

"போதும் போதும். ஆயர் முன்னால இப்பிடி வாசிச்சா அவரு கோலை எடுத்துட்டு எந்திரிச்சுப் போயிருவாரு."

எனக்குக் குளிர்ந்தது. அவள் என் பக்கத்தில் வந்து குனிந்தாள். "பெனின், வயரை மாத்துவோமா?"

"மாட்டேன்."

"லே, எனக்க கிட்டார்ல பேட்டரி இருக்குல்லா. அது உள்ளயே கத்திட்டுத்தான் வெளிய வருது. ஆக்டிவ்ல போட்டா பெட்டி அதைக் கொஞ்சம் அமுக்கி எடுக்கும். ஒனக்கது தன்னாலயே மெதுவா பேசும். அதையும் எதுக்கு அமுக்குத?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். நான் மொதல்ல வந்தேன்."

"மொதல்ல வந்தியா? பஸ்சாலே இது, துண்டு போட்டு எடம் பிடிக்க?"

குழு முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

நான் ஆக்டிவை விடவில்லை. பெபிஷா தன் கிட்டாரில் இருந்த சத்தத் திருகைப் பாதிக்குக் குறைத்தாள். மறுபடி தட்டினாள். கரகரப்பு போய்விட்டது. தேங்காயெண்ணெய் ஊற்றினமாதிரி வந்தது சத்தம். "எதுல போட்டா என்ன, காதுக்குச் செரியா இருந்தாப் போதும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் பாட்டு முழுவதையும் வாசித்தாள். நான் உயிரைக் கொடுத்துப் பிடித்துவைத்திருந்த இன்புட்டால் அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை.

"அப்ப பெபிஷா உக்காரட்டு" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், அவன் வாசிச்சது யாருக்கும் கேக்கவே இல்லியே. கேக்காம எப்பிடித் தீர்ப்புச் சொல்லுதீங்க?" என்றாள் பெபிஷா.

ஆம்பின் சத்தத்தை இறக்கி, தன் வயரைப் பிடுங்கி, என்னைக் கேட்காமலே என் வயரைப் பாஸிவில் போட்டாள். "இப்ப வாசி."

வாசித்தேன். அந்தப் பழைய கிட்டாருக்குள் இப்படியொரு ஆள் குடியிருந்தது எனக்கே தெரியாது. உள்ளங்காலில் தரை அதிர்ந்தது. முதல் வரிக்கு நான் ராஜா. தெரிந்த சங்கதியையெல்லாம் இறக்கினேன். வரிக்கு வரி நடுவில் ஓடினேன், ஏறினேன், இறங்கினேன். இரண்டாவது வரியில் நிமிர்ந்து பார்த்தால் அம்மாவின் வாய் திறந்திருக்கிறது, பாட்டு வரவில்லை. பக்கத்தில் நின்று பாடும் பிரிஜா அக்கா இருமுகிறாள். பாட்டு அப்படியே நின்றுவிட்டது.

"என்னம்மா?"

"மக்கா, மூச்செடுக்க ஒரு எடம் தாடே. நீ நிக்காம ஓடிட்டே இருக்க. நாங்க எங்க மூச்சு விட?"

"அவ வாசிக்கும்ப எப்பிடி விட்ட?"

"அவ நிப்பா. அவ நிக்கும்ப நாங்க எடுப்போம்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சேர்த்தாள்: "ஆனா சத்தம் நல்லா இருந்துவு மோனே."

என் சத்தம் கொசுவாக இருந்தபோது என்மேல் பழி இல்லை. ஆம்ப் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். சரியான இன்புட்டில் போட்டு அவள் என்னைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தோற்கடித்துவிட்டாள். அதுவும் எனக்கு நியாயம் கேட்டு! இதைவிடப் பெரிய அக்கிரமம் உண்டா?

பத்தாம் திருவிழா அன்று ஆம்பைப் பார்த்துக்கொள்ளும்படி மாஸ்டர் என்னை அதன் பின்னால் உட்காரவைத்தார். காணிக்கைப் பாட்டு தொடங்கியது. பெபிஷா தன் விரலைப் பார்க்கவே இல்லை. என் அம்மாவின் உதட்டைப் பார்த்து வாசித்தாள். நான் நாலு சுரம் திணித்த இடத்தில் ஒன்றும் வைக்காமல் நின்றாள். அம்மா மூச்செடுத்தாள். அடுத்த வரி கோயில் கூரைவரைக்கும் போனது. அம்மா இவ்வளவு நன்றாகப் பாடுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதையும் அவள்தான் காட்டித்தர வேண்டுமா? வயிறு பற்றி எரிந்தது.

திருப்பலி முடிந்ததும் ஆயரிடம் ஆசி வாங்க எல்லோரும் முண்டியடித்தார்கள். பெபிஷா கிட்டாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு என் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வாசித்து முடித்தவுடன் வயரைப் பிடுங்குவது அவள் வழக்கம். செருகியே இருந்தால் வாசிக்காவிட்டாலும் உள்ளே பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்குமாம். இன்றைக்கு மறந்துவிட்டாள். சாயங்காலம் தேர்ப் பவனிக்குப் பிறகு ஆசீர்வாதத்துக்கும் அவள்தான் வாசிக்கிறாள்.

தீரட்டும் என்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் பிடுங்கி, வயரைச் சுருட்டி, கிட்டாரைப் பைக்குள் வைத்து மூடினேன். திரும்பிவந்த பெபிஷா, "யாரு பிடுங்குனது?" என்று கேட்டாள்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? பூனையா இருக்கும்" என்றேன்.