கீரிக்கு வந்த மூன்று பென்சன்காரர்

மரண அறிவித்தலை நாங்கள் இன்னும் ஒட்டி முடிக்கவில்லை. மன்னாரில் எங்கள் ஊரான கீரியின் சந்தியில் பசை வாளியோடு நின்றபோதே அந்த வான் எங்களைக் கடந்து போனது. நீல வான். ஆள் பிடிக்க வரும் வான்களைப்போல வெள்ளையாக இருந்திருந்தால் செத்தவீட்டுப் பந்தல் அரைவாசி காலியாகியிருக்கும். உள்ளே மூன்று கிழவர்கள், கறுப்புக் கோட்டு, கழுத்துப்பட்டி, நெஞ்சில் பதக்கங்கள். வழி கேட்கவில்லை. அதுதான் உறுத்தியது. அந்நியர் என்றால் எங்கள் ஒழுங்கைகளில் இரண்டு தரமாவது தவறவேண்டும். மணல் பிடித்து வைத்து விசாரிக்கும். இந்த வான் நேரே போய்ச் செத்தவீட்டு வாசலில் நின்றது.

யார் சொன்னது? வாளியைத் தூக்கிக்கொண்டு நான் திரும்பி நடக்க, அந்தக் கேள்வி எனக்கு முன்னால் நடந்தது. வழியில் கண்ட முகங்களிலெல்லாம் அது ஏறி இறங்கியது. என் முகத்திலும் ஏறியிருக்கும்.

செத்தவர் என் பக்கத்து வளவுக்காரர். கடலுக்குப் போகாதவர், முருங்கனுக்கும் மன்னாருக்குமாய் நெல் லொறி ஓட்டியவர். இளவயதில் அநுராதபுரத்தில் ஒரு அரிசி ஆலைக்கு ஓட்டினாராம். அவர் சொன்னார், நாங்கள் நம்பினோம். மனைவி, ஒரு மகள். ஒரு மகனும் உண்டு. உண்டு என்றுதான் எழுதவேண்டும். இருந்தான் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் அனுமதியில்லை. சண்டைக் காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம், எங்கள் வாயில் ஆமி, அவனை ஏற்றிக்கொண்டு போனது. அன்றிலிருந்து அவனுடைய அக்கா மாதந்தோறும் மாவட்ட அலுவலகமான கச்சேரியின் வாசலில், பிள்ளைகளைத் தேடும் தாய்மாரோடு, அவன் படத்தை நெஞ்சில் பிடித்தபடி நிற்கிறாள்.

சிலாபத்தில் வேலை செய்த காலம் எனக்குச் சிங்களத்தைத் தந்தது. ஊரில் அது பாதி கெட்டித்தனம், பாதி குற்றம். வாசலுக்கு வந்ததும் எல்லாரும் விலகி எனக்கு வழி விட்டார்கள். அந்த வழியும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூவரில் மூத்தவர், மெலிந்த நெடிய மனிதர், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னார். தாங்கள் மதவாச்சிப் பக்கம். ஓய்வு பெற்ற சிப்பாய்கள். தங்களோடு படையில் இருந்தவர் யார் செத்தாலும், எந்த ஊர் என்றாலும், போய்ப் பெட்டியில் கொடி போர்த்தி, பியூகிள் எக்காளம் ஊதி, சலூட் அடித்து அனுப்பிவைப்பது தங்கள் வழக்கம். தங்களை ஒருவரும் அனுப்பவில்லை. சம்பளமும் இல்லை. இங்கே கிடக்கிறவரும் தானும் சண்டைக்கு முந்திய காலத்தில் ஒரே முகாமில் லொறி ஓட்டியவர்கள்.

நான் தமிழில் சொல்லி முடிக்க, பந்தலில் இருந்தவர்கள் கதிரைகளை அருகருகே இழுத்துக்கொண்டார்கள்.

"எங்கட ஐயாவோ? ஆமியோ?"

"அப்ப அந்த அரிசி ஆலை?"

"நல்லாத்தான் அரிசி குத்தியிருக்கிறார் மனுசன்."

"சும்மா வருவினமோ? சும்மா ஒருத்தனும் மன்னாருக்கு வரமாட்டான். ஆர் ஆர் நிக்கிறமெண்டு பாக்க வந்திருக்கினம்."

மூன்றாவது கிழவர் வானுக்குள்ளேயே இருந்தார். கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். சிக்னல் தேடினாரா, எங்களைப் படம் எடுத்தாரா? நான் ஒரு தென்னைக்குப் பின்னால் அரை அடி நகர்ந்துகொண்டேன். பழக்கம்.

"ஆர் இவையளுக்கு அறிவிச்சது?" என்று மரண சங்கத் தலைவர் கேட்டார்.

"நான்தான்," என்றது பெட்டியடியிலிருந்து ஒரு குரல். மனைவி. அழுது தேய்ந்த குரல், ஆனால் ஒளியவில்லை. "ராத்திரி நான்தான் போன் எடுத்துச் சொன்னனான். அந்த மனுசன் கேட்டவர். ஊருக்குப் பயந்து ஒளிச்சதைச் சாகேக்கையாவது ஒளிக்காமல் போறன் எண்டவர்."

மகள் தாயைப் பார்த்தாள். தகப்பன் சிப்பாய் என்பதை அவள் அப்போதுதான், எங்களோடு சேர்ந்துதான், கேட்டாள்.

"அம்மா, அந்தக் கொடியைப் போட்டால் நான் எந்த முகத்தோட கச்சேரியடியில போய் நிக்கிறது? அந்த அம்மாமார் என்ன கேப்பினம்? உன்ர அப்பர் அவங்கட ஆள், நீ இஞ்ச ஆரைத் தேடுறாய் எண்டு கேக்கமாட்டினமோ?"

சோளகக் காற்று பந்தல் சீலையைத் தூக்கித் தூக்கி அடித்தது. மகள் என்னிடம் திரும்பினாள்.

"அண்ணை, இவரிட்ட ஒண்டு கேளுங்கோ. அப்பா தம்பியைப் பற்றி இவரிட்ட எப்பவாவது விசாரிச்சவரோ எண்டு."

கேட்டேன். சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் கேட்டேன். நெடியவர் நெற்றியைச் சுருக்கினார்.

"மகனா? ஒரு மகள் என்றுதான் சொன்னான்," என்றார். "புதுவருசம் தவறாமல் போனில் பேசுவோம். இத்தனை வருடமும் ஒரு மகள் என்றுதான் சொன்னான்."

இதையும் அப்படியே தமிழில் சொன்னேன். புதுவருசத்துக்குப் புதுவருசம் தொலைபேசியில் சிரித்துப் பேசிய சிநேகிதனிடம்கூட அந்த மனிதர் மகனை மறைத்திருக்கிறார். எங்களிடம் ஆமியை மறைத்தார்; ஆமியிடம் மகனை மறைத்தார். யாரை நம்பித்தான் அவர் மூச்சு விட்டார்?

மகள் அழவில்லை. உள்ளே போய்க் கண்ணாடிச் சட்டம் போட்ட படத்தோடு வந்தாள். அதை நெடியவரின் கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. அவருடைய முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"இதுதான் அவற்ற மகன் எண்டு சொல்லுங்கோ. உங்கட ஆக்கள் கொண்டு போனவை. பெட்டிக்கு முன்னால நடக்கவேண்டியவன். அவன் இல்லை. நீங்கள் இதைப் பிடிச்சுக்கொண்டு முன்னால நடந்தால், கொடியைப் போடுங்கோ. அப்பா ஆசைப்பட்டது அப்பாவோட போகட்டும்."

சொன்னேன். இப்போது சந்தேகம் அவர்கள் பக்கம் போனது. இரண்டாவது கிழவர் நெடியவரின் காதில் வேகமாக ஏதோ சொன்னார். பென்சன் என்ற சொல் எனக்குக் கேட்டது. வீதியில் நேவி நிற்கிறது என்றதும் கேட்டது. பிறகு அவரும் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நெடியவர் படத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். தொப்பியைத் தலையில் வைத்தார்.

"யமு," என்றார். போவோம்.

சங்கத் தலைவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "கோயிலுக்குள்ள பெட்டிக்கு எங்கட கறுப்புச் சீலைதான். வெளியில என்னவும் செய்யட்டும்."

சுவாமியாரின் பூசை முடிந்து தேவாலய முற்றத்தில் கறுப்புச் சீலையை எடுத்துவிட்டு, நெடியவர் ஒருவரே கொடியை விரித்தார். காற்று விடவில்லை. கொடியின் சிங்கம் உப்பி உப்பி எழும்ப, தாய் போய் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். வேறு யாரும் கை கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. முதலில் குருசு, அதன்பின் படத்தோடு நெடியவர், அதன்பின் பெட்டி. புதைக்கும் இடமான சேமக்காலைக்குப் போகும் வழியில் நேவிக் காவல்கொட்டில் ஒன்று. அது கண்ணில் பட்டதும் அவர் படத்தைத் திருப்பினார். மகனின் முகம் பதக்கங்களோடு ஒட்டியது. வீதிக்குச் சட்டத்தின் பின் அட்டை தெரிந்தது.

இவ்வளவுதானே, என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் ஒருவர் வாய்விட்டே சொன்னார்: "பாத்தியளோ, பதக்கக்கார ஐயாவின்ர வீரத்தை."

மகள் வரிசையை விட்டு முன்னால் போனாள். அவருடைய கைகளுக்குள்ளேயே படத்தைத் திருப்பி முகத்தை வீதிக்கு விட்டாள். அவர் தடுக்கவில்லை. கொட்டிலில் நின்ற பொடியன் முதலில் பதக்கங்களுக்கு விறைத்து நின்றான். பிறகு படத்தைக் கண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்தான்.

குழியடியில் வானும் வந்து சேர்ந்தது. இரண்டாவது கிழவர் இறங்கி, எங்களில் எவர் முகத்தையும் பாராமல் பியூகிள் ஊதினார். பாதியில் காற்று மாறி ஓசை கிழிந்தது. மூவரும் சலூட் அடித்தார்கள். கொடியை மடித்துத் தாயிடம் கொடுக்க, அவள் அதைக் குடையோடு சேர்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பிடி மண் போட்டாள்.

கூட்டம் கலைந்தபின் மகளிடம் கேட்டேன்: "ஏன் தங்கச்சி படத்தைக் குடுத்தனீங்கள்?"

"பிடிக்கிறதுக்கில்லை அண்ணை. கண்ணைப் பாக்க. எந்த ஆமிக்காரனைக் கண்டாலும் நான் படத்தைக் காட்டிக் கண்ணைத்தான் பாக்கிறனான். தம்பியைத் தெரிஞ்சவனுக்கு ஒரு துடிப்பு வருமெண்டு."

"இவருக்கு?"

"கலங்கினது. தெரியாதவனுக்கும் கலங்கும்தானே."

நெடியவர் எங்களிடம் வந்தார். கைபேசியில் அந்தப் படத்தைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். பழைய ஆட்கள் சிலரிடம் காட்டலாம் என்றார். எந்தக் கந்தோருக்குப் போகும் இது, எவர் மேசையில் விழும், நாளைக்கு இந்த வீட்டுக் கதவை யார் தட்டுவார்? "விடாதையுங்கோ," என்றேன் தமிழில், குரலைத் தாழ்த்தி. "வடிவாய் யோசியுங்கோ. இவையளை நம்பிறீங்களோ?"

"நம்பேல்லை," என்றாள்.

படத்தை நிமிர்த்திப் பிடித்தாள். கண்ணாடியில் வெயில் பட்டு முகம் மறைந்தது. ஒரு அடி பின்வாங்கி, சேமக்காலை மதில் நிழலுக்குள் போய் நின்றாள்.

"கிட்ட வந்து எடுக்கச் சொல்லுங்கோ அண்ணை. முகம் தெளிவா விழவேணும். எங்கையெண்டாலும் போகட்டும்."