மீன்கார அக்கா கேட்ட கேள்வி

தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். காலாவதியான டிரிப்ஸ் ஊசிகள் சில தவறி வந்துவிட்டன, திருப்பி அனுப்புங்கள் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. படித்ததாகக் கையெழுத்துப் போட்டேன். படிக்கவேயில்லை.

மறுநாள் மீன் விற்கும் அக்கா ஒருவர் காய்ச்சலோடு வந்தார். நரம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு ஊசிப் பாக்கெட்டை எடுத்தேன்.

"செவுளைத் தூக்கிப் பாக்காம யாரும் மீனு வாங்க மாட்டாங்க. நீ இன்னாத்தப் பாத்தும்மா குத்துற?" என்று சிரித்தார்.

பதில் சொல்லத்தான் பாக்கெட்டைத் திருப்பினேன். தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் கை என் முன்னால் நீட்டியபடியே இருந்தது.

"கவர் கிழிஞ்சிருக்குக்கா, வேற எடுத்துட்டு வர்றேன்" என்றேன். கிழியவில்லை.

"இத்தக்கூட பாக்கறியே, நல்ல பொண்ணும்மா நீ."

பழைய ஊசிகளை அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் தந்த பாராட்டு மட்டும் இன்னும் என்னிடமே இருக்கிறது.