கடைசி ஆள் இறங்கும் வரை

பதினொரு மணிக்கு மகளுக்கு ஆபரேஷன். "நீங்க வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்கப்பா, அப்புறம் நான் தைரியமா உள்ள போவேன்" என்று அவள் போனில் சொன்னதிலிருந்து கண்டக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஓய்வு பெற்று நாலு வருடமாகியும் அவருக்கு அதுதான் பெயர். முப்பத்திரண்டு வருடம் ஒரே தடத்தில் பஸ்ஸில் போய் வந்தவர். இறங்குகிறவர்களில் கடைசி ஆளின் இரண்டு காலும் தரையில் பட்டால்தான் விசில் அவர் வாய்க்குப் போகும். டிரைவர்கள் பல்லைக் கடித்துப் பார்த்தார்கள், மனுஷன் மசியவில்லை.

இந்தப் பெரிய நகரத்தில் பஸ் கிடையாதா என்றால், பூமிக்கடியில் ஓடும் ரயில்தான் சீக்கிரம் போகுமாம். "ஏழாவது ஸ்டேஷன் மாமா. மேல ஏறி வந்தா எதிர்லயே ஆஸ்பத்திரி" என்றார் மருமகன். யாருக்கு வழி சொல்லித் தருகிறார் பாருங்கள் என்று கண்டக்டருக்கு உள்ளூரக் கோபம்.

ஏழாவது ஸ்டேஷனில் கதவு தானாகத் திறந்தது. கண்டக்டர் பழக்கதோஷத்தில் ஓரமாக ஒதுங்கி, "பார்த்து இறங்குங்க, அவசரப்படாதீங்க" என்று ஒவ்வொருவராக அனுப்பி வைத்தார். கைத்தடி ஊன்றிய பெரியவர்தான் கடைசி. இனி நாம் என்று காலை எடுத்தபோது, கதவு அவர் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டது.

"ஹோல்டான், ஹோல்டான்" என்று கத்தினார். நாலு பேர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். இழுக்கக் கயிறு இல்லை, அடிக்க மணி இல்லை, தட்டிச் சொல்ல டிரைவர் முதுகுகூட இல்லை. மருமகனைக் கூப்பிடலாமென்றால் போனில் சிக்னல் இல்லை. அவருக்குப் பயம் வந்தது.

எட்டாவது ஸ்டேஷனில் ஏறிய கூட்டம் அவரை நடுவே தள்ளி, முதுகுப்பைகளுக்கிடையில் நெருக்கி நிறுத்தியது. கையைத் தூக்கி மணி பார்க்கக்கூட முடியவில்லை. ஒன்பதாவதில் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, படி ஏறி, படி இறங்கி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்தபோது மணி பத்து ஐம்பத்தைந்து.

இந்தத் தடவை கதவை ஒட்டியே நின்றார். பக்கத்தில் இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக ஒரு பெண். ஆஸ்பத்திரி ஸ்டேஷன் வந்தது. 'நீ முதல்ல இறங்கும்மா' என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, அவளை இடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். பின்னால் குழந்தை அழுதது. திரும்பிப் பார்க்காமல் படியேறினார்.

மருமகன் வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"இப்பத்தான் மாமா. அஞ்சு நிமிஷம் இருக்கும், கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அழுதாளா?"

"இல்ல, சிரிச்சுக்கிட்டேதான் போனா. 'எங்கப்பா எல்லாரையும் இறக்கி விட்டுட்டுத்தான் இறங்குவாரு, லேட்டாத்தான் வருவாரு, திட்டாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனா."

கண்டக்டர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அந்தக் குழந்தையின் அழுகை இன்னும் காதில் கேட்டது. மகள் வெளியே வந்ததும், இன்றைக்கு இடித்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கியதை அவளிடம் சொல்ல வேண்டும்.