வேளாங்கண்ணிக்கு நேர்ந்துவிட்ட முடி

பொழுது விடிந்ததும் சவுரிராயன் முதலில் கையைத்தான் நீட்டுவார். படுத்திருக்கும் சிங்காரியின் முன்னங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே முடியில்லாத ஒரு சாண் இடம் உண்டு. அங்கே புறங்கையை வைத்துப் பார்ப்பார். அதே கையைத் தம் கழுத்தில் வைப்பார். மறுபடி அங்கே, மறுபடி இங்கே. சூடு ஒத்துப்போனால் "ம்" என்பார். சிங்காரியும் மூக்கால் "ம்ம்ம்" என்று இழுக்கும். அதற்குப் பிறகுதான் அவர் தொண்டையில் கேப்பைக்கூழ் இறங்கும்.

சிங்காரியைத் தெரியாதவர் திண்டிவனத்தில் கிடையாது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அது ஒரு லாமா. தென் அமெரிக்க மலைகளில் மூட்டை சுமக்கிற பிராணி. ஒட்டகத்துக்கு உறவு, ஆனால் திமில் இல்லை. உடம்பு முழுக்கத் திரிதிரியாக வெள்ளை ரோமம். யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது ஒரு சர்க்கஸ் கம்பெனி என் வீட்டுக்கு எதிர் மைதானத்தில் கூடாரம் அடித்தது. ஆட்டம் முடிந்து கிளம்பலாம் என்றால் ரயிலில் வேகன் இல்லை, எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. முதலாளி யானையையும் குதிரைகளையும் கைமாற்றினார், ஆட்களைக் கலைத்தார். லாமாவைச் சீந்துவார் இல்லை. வேகன் கிடைத்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சவுரிராயனிடம் சொல்லிவிட்டுப் போனவர், போனவர்தான்.

சவுரிராயனுக்குச் சொந்த ஊர் விக்கிரவாண்டிப் பக்கம். கூடாரத்துக்கு முளையடிக்கச் சேர்ந்து, மிருகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக உயர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும். இடது காதில் மடல் பாதிதான் இருக்கிறது, மீதியை ஒரு குதிரை கடித்துக்கொண்டது. "பசிங்க, பாவம், இல்லேன்னா அது அப்பிடிப்பட்ட குதிரையில்ல" என்று இன்றுவரை அதற்காக வக்காலத்து வாங்குவார். மனைவி இருதயமேரி மல்லாட்டைக் கொல்லைகளில் கூலிக்குப் போவாள். திரும்பும்போது தலையில் ஒரு கட்டு வேர்க்கடலைக் கொடி இருக்கும். அது சிங்காரிக்கு.

மைதானத்தின் ஓரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு மூவரும் குடியிருந்தார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் சவுரிராயன் அளக்கிற அளப்பு கொஞ்சநஞ்சமல்ல. "இது ஒட்டகத்தோட தங்கச்சிங்க. கோவம் வந்தா மூஞ்சில துப்பும், எதிர்ல நிக்காதீங்க" என்பார். சிங்காரி எப்போதும் ஒரே மூலையில்தான் புழுக்கை போடும். அந்த மூலையைத் தனியாக அழைத்துப் போய்க் காட்டுவார். "பாத்தீங்களா சுத்தத்த? நம்ம தெரு ஆளுங்க இதுங்கிட்ட வந்து கத்துக்கணும்." நாவிதரிடம் கேட்டு வாங்கிய பழைய நகவெட்டியால் அதன் கால் நகங்களைச் சீவுவார். அப்போது அவர் முகத்தில் தெரிகிற பெருமையைக் கலெக்டர்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

மருந்து விஷயத்தில் அவர் பெரிய பேஜார் ஆசாமி. எந்த மருந்தையும் முதலில் தாம் நக்கிப் பார்க்காமல் சிங்காரிக்குக் கொடுக்க மாட்டார். "நான் முழுங்காதத அதுக்கு எப்பிடிங்க ஊத்தறது?" மாட்டாஸ்பத்திரி டாக்டர் பத்மராஜ் தலையில் அடித்துக்கொள்வார். பேதி உப்பைக் கரைத்துக் கொடுத்த அன்று நோயாளியோடு சேர்த்து இவருக்கும் வயிறு போயிற்று.

பத்மராஜ் என் சிநேகிதர். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவார். போன ஐப்பசி மழையில் சிங்காரிக்கு மூக்கு ஒழுகி இருமல் கண்டபோது நான்தான் அவரை அழைத்துப்போனேன். தெர்மாமீட்டரில் நூல் கட்டி, நூலின் மறுமுனையை வாலில் முடிந்து, பின்பக்கமாகச் செருகிக் காத்திருந்தார். அதற்குள் சிங்காரி கழுத்தைத் திருப்பி, அரைத்துக்கொண்டிருந்த பச்சைக் குழம்பு முழுவதையும் அவர் கோட்டின்மேல் துப்பிற்று. அவர் கோபிக்கவில்லை. "காலேஜில ஒட்டகத்துக்கே அரைப் பக்கம்தான் இருந்தது. இதுக்கு அதுவும் இல்லை. ஆட்டுக்கும் கன்றுக்குட்டிக்கும் நடுவில ஒரு அளவு வெச்சு ஊசி போடறேன். பிழைச்சா அதோட அதிர்ஷ்டம்" என்றார். தொடையில் ரோமத்தை வகிர்ந்து வகிர்ந்து தோலைத் தேடவேண்டியிருந்தது.

ஊசி போட்டும் சில நாள் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு சாயங்காலம் சவுரிராயன் சேற்றிலேயே முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டார். சிங்காரி பிழைத்தால் அதன் முடி முழுவதையும், உச்சியிலிருந்து வால்வரை, வேளாங்கண்ணி மாதா கோயிலில் இறக்கிக் காணிக்கை வைப்பதாக. மறுநாள் சிங்காரி கொடியைக் கடித்தது. "டாக்டரய்யா ஊசி போட்டாரு, இல்லேன்னு சொல்லல. ஆனா கண்ணத் தொறந்து பாத்தது மாதா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேண்டுதல் முடியை நடுவில் கத்தரி தொடக்கூடாது. அதைக் கொண்டுபோய் அங்கேதான் இறக்கவேண்டும். மனிதத் தலையென்றால் ரயிலேறிவிடலாம். லாமாவை ரயிலில் யார் ஏற்றுவார்கள்? ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தார், பிறகு விரட்டினார். மாசி மாதம் சவுரிராயன் நடத்தியே அழைத்துப்போவதென்று கிளம்பினார். விழுப்புரம் தாண்டிப் பெண்ணையாற்று மணல்வரை வந்த சிங்காரி, அங்கே காலை மடித்துப் படுத்துவிட்டது. லாமா படுத்துவிட்டால் படுத்ததுதான். கெஞ்சினார், கொஞ்சினார், மேரி கொடியைக் காட்டினாள். கடைசியில் ஒரு வைக்கோல் வண்டியில் ஏற்றி ஊருக்குத் திரும்பினார்கள்.

சித்திரை பிறந்தது. எங்கள் ஊர் வெயில் எங்களுக்கே ஆகாது, பனிமலைப் பிராணி என்ன செய்யும்? சிங்காரி வாயைப் பிளந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. கீழுதடு தொங்கியது. சவுரிராயன் குடம் குடமாக அதன் முதுகில் தண்ணீர் ஊற்றினார். பத்மராஜ் வந்து பார்த்துப் பதறிப்போனார்.

"ஏம்ப்பா, நனைஞ்ச கம்பளியைப் போர்த்தி வெயில்ல உட்கார வெச்ச மாதிரி பண்றியே! அதுக்குச் சூடு இறங்கறதெல்லாம் அடிவயித்து வழியாத்தான். அங்கே ஊத்து."

அந்தப் பேச்சைச் சவுரிராயன் உடனே கேட்டார். பள்ளம் தோண்டி, ஆற்று மணலைப் பரப்பி நனைத்து, அதில் சிங்காரியைப் படுக்கவைத்தார். உச்சிப்பொழுது முழுக்கப் பனையோலை விசிறியால் அதற்கு விசிறினார். தம்முடைய வேர்வையைத் துடைக்க ஒரு கணம் நிறுத்தமாட்டார். ஆனால் பத்மராஜ் பையிலிருந்து பெரிய கத்தரியை எடுத்ததும் எழுந்து நடுவில் நின்றுகொண்டார்.

"அத்த மட்டும் சொல்லாதீங்க டாக்டரய்யா."

"முடியை எடுத்தாத்தான் பிழைக்கும், சவுரிராயா. இந்தச் சூட்டுக்கு வேறே மருந்து எங்கிட்ட இல்லை."

"அது என் முடி இல்லீங்களே. சிங்காரி முடியும் இல்ல. மாதா முடிங்க."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. எந்த மாதா ஒரு வாயில்லா ஜீவனை வேகவைத்துக் காணிக்கை கேட்டாள் என்று கத்தினேன். மேரிதான் புருஷனைப் பார்த்துப் பேசினாள்.

"டாக்டரு சொல்றதும் நாயந்தானய்யா. பாதியாவது வெட்டு. மீதிய அங்க போயி குடுத்துக்கலாம். மாதா வேணாம்னா சொல்லப்போவுது?"

சவுரிராயன் அவளைத் திரும்பிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "மேரி, ஒருக்கா வெட்டனோமில்ல?" என்றார்.

மேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் காதில் விழாத தூரம் போனபிறகு அவர் எங்களுக்குச் சொன்னார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை, ஆரோக்கியமேரி. அதன் முதல் முடியை வேளாங்கண்ணியில் இறக்குவதாக நேர்ந்திருந்தார்கள். இவர் சர்க்கஸோடு எங்கோ வடக்கே இருந்தார். குழந்தைக்குத் தலையெல்லாம் பேன், புண், சீழ். தாங்கமுடியாமல் மேரி வீட்டிலேயே முடியை எடுத்துவிட்டாள். மறுபடி வளர்ந்ததும் கொண்டுபோய் இறக்கலாம் என்றுதான். அந்த ஆடியில் ஊரில் வாந்திபேதி வந்தது.

"மேரி தப்பு பண்ணுச்சின்னு நான் சொல்லலீங்க. இன்னிக்கி வரைக்கும் அத்தப் பத்தி வாயத் தொறந்ததில்ல. இன்னிக்கித்தான் வந்துட்சி." மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆனா இன்னொரு வாட்டி என்னால ஆவாதுங்க."

பத்மராஜ் கத்தரியைத் துணியில் சுற்றிக் கொட்டகைக் காலில் தொங்கவிட்டார். வழியில் என்னிடம், "நாலு ஆள் வெச்சுப் பிடிச்சுக் கட்டி வெட்டலாம். வெட்டினப்புறம் அது பிழைச்சாலும் அந்த மனுஷன் பிழைக்கமாட்டான்" என்றார்.

வெள்ளிக்கிழமை சவுரிராயன் பங்குச் சாமியாரிடம் போனார். சாமியார் நல்லவர், சிரிக்கவில்லை. இங்கேயே வெட்டி, முடியைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் காணிக்கை வைத்தால் போதும், மாதா ஏற்றுக்கொள்வாள் என்று சொல்லியனுப்பினார். சாயங்காலம் நான் கொட்டகை ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சவுரிராயன் கத்தரியை எடுத்தார், சிங்காரியின் கழுத்தருகே விரித்தார். வெகுநேரம் விரித்தபடியே வைத்திருந்தார். பிறகு மடக்கித் துணியைச் சுற்றி, பழைய இடத்தில் தொங்கவிட்டார்.

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி, சாமியாருகிட்ட தீர்த்தம் வாங்கியாந்து தெளிச்சிட்டு வெட்டிடறேங்க" என்றார் என்னிடம். "ரெண்டு நாளு தாங்கும். தாங்கும் இல்லீங்களா?"

தாங்கும் என்றேன். வேறென்ன சொல்வது?

சனிக்கிழமை உச்சிப்பொழுதில் மேரி ஓடிவந்து என் வாசலில் நின்றாள். நான் பத்மராஜை அழைத்துக்கொண்டு போனபோது சிங்காரி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. தெர்மாமீட்டரில் பாதரசம் முனைவரைக்கும் ஏறியிருந்தது. பத்மராஜ் மண்டியிட்டு, ரப்பர் குழாயால் பின்பக்கமாகக் கிணற்றுத் தண்ணீரை ஏற்றினார், அடிவயிற்றில் ஈரச் சாக்குகளைப் போட்டார். சவுரிராயன் விசிறிக்கொண்டே "ம்" என்றார். பதில் வந்தது, மிகவும் மெல்லியதாக. மறுபடி "ம்" என்றார். மூன்றாம் முறை அவர் மட்டும்தான் சொன்னார்.

பத்மராஜ் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். சவுரிராயன் போய்க் கத்தரியை எடுத்துவந்தார். கழுத்திலிருந்து தொடங்கினார். பத்மராஜ் தலையைத் தூக்கிப் பிடித்தார், மேரி விழுந்த முடியை ஒரு திரி விடாமல் பொறுக்கிக் கோணியில் திணித்தாள். வால்வரை வெட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தார். ரோமம் போன சிங்காரி ஒரு வெள்ளாட்டு அளவுக்குத்தான் இருந்தது. விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன.

"இவ்ளோண்டுதானாடி நீ?" என்றார். அப்போதுதான் அழுதார்.

மறு வாரம் ஒரு வழக்கு விஷயமாக நான் விழுப்புரம் போயிருந்தேன். ஜங்ஷனில் நாகப்பட்டினம் பக்கம் போகிற வண்டி, பட்டாள ஸ்பெஷலுக்கு வழிவிட்டு எங்கோ நின்றுவிட்டது. பிளாட்பாரம் முழுக்கச் சனம். தகரக் கூரை அனலைக் கக்கியது. ஒரு தூணடியில் சவுரிராயனும் மேரியும் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் வாய்கட்டிய கோணி. வெயில் நகர நகர அவர் கோணியை நிழலுக்கு இழுத்துக்கொண்டே இருந்தார்.

"கிளம்பிட்டீங்களா?" என்றேன்.

"போயி குடுத்துட்டு வந்துடறோங்க." கொஞ்சநேரம் தண்டவாளத்தைப் பார்த்தார். "கூட வந்திருந்தா இந்நேரம் காலை மடிச்சிப் படுத்துட்டிருக்கும்."

மேரியின் ரவிக்கை வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது, அவர் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. சவுரிராயன் இடுப்பில் செருகியிருந்த பனையோலை விசிறியை உருவினார். கோணியின் கட்டை அவிழ்த்தார். அதற்குள்ளே விசிறத் தொடங்கினார். மேரி இரண்டு கைகளாலும் கோணியின் வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து பிடித்தாள்.