சம்பந்தி வீட்டுச் சீஸ்

புதுச்சேரி தட்டாஞ்சாவடிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் யூஜினுக்கு முப்பது வருஷத்தில் இரும்போடு தகராறு வந்ததில்லை. சாப்பாட்டோடுதான் தகராறு. பிடித்தது என்றால் உயிர். குருசுக்குப்பத்தில் அன்றைக்கு இறங்கிய சங்கரா மீனைப் புளி தூக்கலாக வைத்தால் சட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார். பக்கத்துப் பட்டறை ஜெய்னுலாபுதீன் கொண்டுவரும் நோன்புக் கஞ்சி மூன்று டம்ளர் உள்ளே போகும். பிடிக்காவிட்டால் மட்டும் வாய் சும்மா இருக்காது. மைத்துனன் வீட்டு விருந்தில் நூடுல்ஸைப் பார்த்து, "இத எந்தக் கொளத்துலேர்ந்து அள்ளியாந்தீங்க?" என்று கேட்டுவைத்தார். மைத்துனன் பெண்டாட்டி இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, மகளின் கல்யாணத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது, மகள் சிந்தியா வாசலில் மறித்தாள்.

"அப்பா, என்ன வச்சாலும் சாப்புடு. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லு. ஒன் வாயால இது நின்னு போச்சுன்னா நான் வேற யாரயும் கட்டிக்க மாட்டேன்."

"நான் என்ன கொழந்தையா?"

"கொழந்தயா இருந்தா வீட்லயே வுட்டுட்டுப் போயிருப்பேன்," என்றாள் மனைவி ஜோவிதா.

மாப்பிள்ளை லூர்துபிரகாஷுக்கு அப்பா இல்லை. அம்மா வேளாங்கண்ணி இருபது வருஷமாக மகனோடு பிரான்சில் இருக்கிறார். லீவுக்கு வரும்போது பெட்டியில் துணியைவிடச் சீஸ்தான் அதிகம்.

மேஜையில் மாட்டுக்கறி வந்தது. யூஜின் மாடு தின்னாதவர் இல்லை. வெந்த மாட்டைத் தின்றவர். இது நடுவில் சிவப்பாக இருந்தது. ரொட்டியில் சுருட்டி உள்ளே தள்ளினார். "நல்லா இருக்குங்க."

அடுத்து அந்தச் சீஸ். உடம்பெல்லாம் நீலப் பூஞ்சை. மழையில் நனைந்து காயாத பட்டறை பூட்ஸின் நாற்றம். சனியனை முதலில் தொலைத்துவிடுவோம் என்று மெல்லாமலே விழுங்கினார். அங்கேதான் தப்பு செய்தார். வேளாங்கண்ணி எந்த நாட்டுக்குப் போனால் என்ன, விருந்தாளி தட்டு காலியாக இருந்தால் நம் பெண்பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்குமா?

"அண்ணனுக்குப் புடிச்சிருக்கு பாரேன்!" என்று முன்னைவிடப் பெரிய துண்டாக வைத்தார்.

"நல்லா இருக்குங்க." அதையும் விழுங்கினார்.

"நம்ம ஊர்ல யாரும் தொடவே மாட்டாங்கண்ணே. நீங்கதான் ருசி தெரிஞ்சவரு." மூன்றாவது துண்டு சோப்புக்கட்டி அளவு இருந்தது.

பாதி கடித்தார். மீதி தட்டில் விழுந்தது. கண்ணில் தண்ணீர். ஜோவிதா மேஜைக்கு அடியில் காலை மிதித்தாள். பிரயோஜனமில்லை.

"இன்னாங்க இது, பூஞ்ச பூத்துக் கெடக்குது! எங்க தெரு நாயி கூட..."

பாதியில் நிறுத்தினார். நிறுத்தி என்ன செய்ய?

வேளாங்கண்ணி கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப இவ்ளோ நேரம் நல்லா இருக்குன்னீங்களே?"

"பொண்ணு சொல்லச் சொல்லுச்சு."

ஜோவிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பெட்டியில வச்சு இங்கருந்தா அங்கருந்தா தூக்கிட்டு வரேன்! இப்பவே என் சாப்பாட்ட நாயி திங்காதுன்றவங்க, நாளைக்கு என்னய இன்னா சொல்லுவாங்க? இந்தப் பேச்ச இதோட வுட்டுடலாம்ணே."

யூஜினுக்கு எரிச்சல், தன் வாய் மேலேயே. ஒரு துண்டு பூஞ்சைக்காகப் பெண்ணின் வாழ்க்கையைக் கவிழ்த்தாயிற்று.

அப்போது லூர்துபிரகாஷ் கையை நீட்டி, யூஜின் கடித்துப் போட்ட மீதியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

"டேய், எச்சிடா அது!" என்றார் வேளாங்கண்ணி.

"மாமாவோடதுதானம்மா." நிதானமாக மென்றான். "எனக்கு இது ரொம்பப் புடிக்கும். அவருக்குப் புடிக்கல. அதுக்கு ஏன் கல்யாணத்த நிறுத்துற?"

வேளாங்கண்ணி மகனையே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய்ச் சோறும் ரசமும் கொண்டுவந்து தட்டென்று வைத்தார்.

"காலைல வச்சது. இதாவது எறங்குமா?"

யூஜின் ஒரு வாய் சாப்பிட்டார். ரசத்தில் உப்பே இல்லை. வாயைத் திறந்தார். ஜோவிதா முறைத்தாள்.

"கல்யாணத்த என்னிக்கு வச்சிக்கலாம்?" என்று கேட்டார்.